தட்டிக்குள் எரிந்த அடுப்பு

அடுப்பை வெளியில் வைத்துவிட்டால் புகை ஆகாசத்துக்குப் போய்விடும், சமைக்கிறவளைத் தொடாது என்று எங்கள் வீட்டில் நம்பினார்கள். நானும் நம்பினேன். அறுபது வருஷம் கழித்து மெல்பர்னில் ஒரு கடையில் நின்றபோது அந்த நம்பிக்கை நினைவுக்கு வந்தது. மகன் ரகு வீட்டின் பின்புறம் திறந்தவெளிச் சமையலிடம் ஒன்று கட்டிக்கொண்டிருக்கிறான். அதில் காஸா, கரியா, விறகா என்று தீர்மானிக்க என்னையும் அழைத்துப் போயிருந்தான். "காஸ் வாசனை சாதத்தில் ஏறுமா?" என்று கடைக்கார இளைஞனிடம் ஆங்கிலத்தில் கேட்டேன். அவன் நான் விறகு வாசனைக்கு ஏங்குகிறேன் என்று எடுத்துக்கொண்டான். அன்பாகச் சிரித்து, ஒரு பொட்டலத்தை என் கையில் வைத்தான். உள்ளே மரச் சிராய்கள். காஸ் அடுப்பின் மேல் ஒரு பிடி போட்டால் போதும், அசல் விறகுப் புகை வரும் என்றான். இந்த ஊரில் புகையை விலை கொடுத்து வாங்குகிறார்கள்.

ஐம்பதுகளின் கடைசியில் ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டில் நாங்கள் நான்கு பேர். அப்பா திருச்சியில் ஓர் ஆபீசில் குமாஸ்தா. அவருடைய அக்கா, என் அத்தை, இளவயதிலேயே கணவரை இழந்து எங்களுடன் இருந்தாள். ஆசார விஷயங்களில் அவள் சொல்தான் கடைசி. சமைத்தது அம்மா. அம்மாவுக்கு மூச்சிழுப்பு வந்து, திருச்சி டாக்டர் புகை அறவே கூடாது என்று சொன்ன அன்று, கூடத்தில் ஒரு பேச்சு நடந்தது.

"மண்ணெண்ணெய் ஸ்டவ் இருக்கே அக்கா, அதுலயே தளிகை பண்ணிட்டா என்ன?" என்றார் அப்பா.

"அந்த நாத்தத்தோட அன்னத்தப் பெருமாளுக்கு எப்படிடா கண்டருளப் பண்ணுவே? காப்பி போட்டுக்கோ, வேண்டாங்கல. அவர் காப்பி கேக்கறதில்ல."

"மண்ணச்சநல்லூர் மில்லுலேர்ந்து உமி கொண்டுவரச் சொல்லட்டுமா?"

"உமி கனிஞ்சு கனிஞ்சு விறகவிட ஜாஸ்தியா புகையும். அடுப்பக் கொல்லைக்கு மாத்து. புகை பாட்டுக்கு ஆகாசத்துக்குப் போறது."

தூணருகே நின்ற அம்மாவை யாரும் கேட்கவில்லை. அப்படிக் கேட்கலாம் என்பது அவர்களுக்குத் தோன்றவில்லை, அவளுக்கும் தோன்றியிருக்காது. அந்த வாரமே கிணற்றடியை ஒட்டிக் கீற்றுக் கொட்டகை எழுந்தது. ஒரு நாள் அம்மா தாராளமாக மூச்சு விட்டாள். மறுநாள், பெருமாளுக்கு ஆகும் தளிகையை அண்டை அயலார் பார்த்தால் திருஷ்டி தோஷம் என்று சொல்லி, அத்தை நாலு பக்கமும் கீற்றுத் தட்டி வைத்து அடைக்கச் செய்தாள். நுழைய மட்டும் ஒரு சந்து. அம்மா உள்ளேயிருந்து எட்டிப் பார்த்து, "ஆகாசத்துக்குப் போற வழியையும் அடைச்சுட்டேளே அக்கா!" என்றாள். சொல்லிவிட்டுச் சிரித்தாள். சிரிப்பு இருமலில் முடிந்தது. பழைய சமையலறைக்காவது கூரையில் ஒரு புகைக்கூண்டு இருந்தது.

ஐப்பசி மழையில் விறகு ஊறிப்போன ஒரு காலைப் பொழுது. அத்தை கோயிலுக்குப் போயிருந்தாள். அப்பா பூஜைக்கு உட்கார்ந்திருந்தார். தட்டிக்குள் ஊதுகுழலோடு இருந்த அம்மா, சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து ரேழியில் படுத்துவிட்டாள். எனக்குப் பதினான்கு வயது. குளித்து மடியாக இருந்தேன். காப்பிக்கான ஸ்டவ்வைப் பற்றவைத்து அரிசிப் பானையை அதில் ஏற்றினேன். கொதி வரும் நேரத்தில் அம்மா எழுந்து வந்தாள். ஸ்டவ்வைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். கோபிக்கவில்லை.

"அப்பாட்ட சொல்லாதேடி. சொன்னா மறுபடி தளிகை பண்ணச் சொல்லுவா. இன்னிக்கு என்னால முடியாது. நாளைக்கு நானே சொல்லிக்கறேன்."

அப்பா திரையை இழுத்து, மணி அடித்து, அந்தச் சாதத்தைப் பெருமாளுக்குக் கண்டருளப் பண்ணினார். அத்தை கோயிலிலிருந்து வந்ததும் நால்வரும் சாப்பிட்டோம். அத்தை இரண்டாம் முறை சாதம் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

"மல்லிப்பூ மாதிரி இருக்கு. விறகடுப்பு விறகடுப்புதான்."

அம்மா இலையிலிருந்து தலை நிமிர்த்தவில்லை. நான் வாயைத் திறக்க வேண்டிய நேரம் அதுதான் என்று இன்று தெரிகிறது. மறுநாள் அம்மா சொல்லவில்லை. நனைந்த விறகை எடுத்துக்கொண்டு தட்டிக்குள் போனாள். நானும் சொல்லவில்லை. ஒரு வேளை ஓய்வுக்காகக் காத்த மௌனம், பிறகு கலைக்க முடியாத பழக்கமாயிற்று.

நான்கு வருஷம் கழித்து, எனக்குக் கல்யாணமான மறு வருஷம், அம்மா போய்விட்டாள். காரியங்கள் முடிந்த பின் ஒரு மாதத்தில் நான் ஊருக்குப் போனபோது தட்டிகள் பிரிக்கப்பட்டிருந்தன. வீட்டுக்குள், பெருமாள் சந்நிதிக்கு எதிர் மூலையில், மண்ணெண்ணெய் ஸ்டவ்வில் அப்பா சாதம் வடித்துக்கொண்டிருந்தார். "ஆபத்துக்குப் பாவமில்ல" என்றாள் அத்தை, என் முகத்தைப் பார்க்காமல். நான் இலை போட்டேன். அன்றும் சொல்லவில்லை. துக்கமா கோபமா என்று கேட்டால், இரண்டும் என் நினைவில் இல்லை. சாதம் குழைந்திருந்தது என்பது நினைவிருக்கிறது.

ஊரிலிருந்து இதைப் படிப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். இங்கே என் பெருமாள் சமையலறை அலமாரியில் ஒரு சிறு படமாக இருக்கிறார். மின்சாரக் குக்கரில் வெந்த சாதத்தை இத்தனை வருஷமாக அவருக்குக் காட்டி வருகிறேன். அவர் எதுவும் கேட்டதில்லை.

கடையில் ரகு என் பக்கம் திரும்பி, "நீதானேம்மா சமைக்கப் போறே, நீ சொல்லு, எது வேணும்?" என்றான். சாதாரணமாகத்தான் கேட்டான். காஸ் என்றேன்.

"இந்தப் பொட்டலம்?"

"வேண்டாம்."

இளைஞன் ஏமாற்றத்தோடு அதைத் திரும்ப வாங்கி வைத்தான்.

அடுப்பு வந்துவிட்டது. சுற்றிலும் சுவரில்லை, மேலே யூகலிப்டஸ் மரங்களும் வானமும். வேலிக்கு அப்பாலிருந்து பக்கத்து வீட்டுக்காரி கையசைக்கிறாள், பானைக்குள் என்ன என்று எட்டிப் பார்க்கிறாள். திருஷ்டியைப் பற்றி அவளிடம் சொல்லும் உத்தேசம் எனக்கில்லை. குமிழைத் திருப்புகிறேன். நீலச் சுடர் எழுகிறது. புகை இல்லை. ஆனாலும் ஒவ்வொரு முறையும் கண்ணை இடுக்கி முகத்தை ஒரு பக்கமாகத் திருப்பிக்கொள்கிறேன், தட்டிக்குள் அம்மா திருப்பிக்கொண்டதைப் போல.

அந்த ஐப்பசிச் சாதத்தை உண்டவர்கள் நால்வர். நான் மட்டும் இருக்கிறேன்.