மாமா விரட்டிய உளவாளி

என் தம்பிக்கு என்ன குறை என்று சொல்ல எங்கள் தெருவில் ஆளில்லாமல் இருக்கவில்லை. சொல்லத் தகுதியான ஆள்தான் இருக்கவில்லை. எதிர்வீட்டு அன்ரி கண்ணாடி போடச் சொன்னார். பெரியப்பா செல்லம் கொடுத்துக் கெடுத்தாயிற்று என்றார். வகுப்பாசிரியை ஒரே சொல்லில் பஞ்சி என்று முடித்துவிட்டார். எழுதப் பஞ்சி, வாசிக்கப் பஞ்சி, எழும்பி நிற்கவும் பஞ்சியாம். அன்புவழிபுரம் முழுக்க விளையாடித் திரிகிற பிள்ளைக்குப் புத்தகத்தைத் திறந்தால் மட்டும் எங்கிருந்து வருகிறது இந்தச் சோம்பல் என்று ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை.

அப்போது அவன் மூன்றாம் வகுப்பு, நான் ஐந்தாம் வகுப்பு. அப்பா திருகோணமலைத் துறைமுகத்தில் வேலை செய்தார். அவரோடு போனால் தம்பி கப்பலின் முன்பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டு இது கோதுமை ஏற்றி வந்தது, இது கடற்படையுடையது என்று சொல்வான். வீட்டுக்கு வந்து பார்த்ததை அப்படியே படமாகக் கீறுவான். அதே பிள்ளைக்கு எழுத்துகளில் கொம்பையும் அரவையும் கண்டால் குழப்பம் வந்துவிடும். நடுவில் இருக்கிற எழுத்தைத் தொலைத்துவிட்டு விழிப்பான். ஆஸ்பத்திரியில் காது நன்றாகக் கேட்கிறது, கண் நன்றாகத் தெரிகிறது என்று சொல்லி, கல்வி உளவியலாளரிடம் காட்டுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். எங்கே காட்டுவது? எங்கள் மாவட்டத்தில் அப்படியொருவர் இல்லை. கொழும்பில் இருந்தவர்களில் தமிழ் தெரிந்தவரைத் தேட வேண்டும். தேடிப் பிடித்தாலும் அவருக்கு நேரமிருக்க வேண்டும். அம்மா வலயக் கல்வி அலுவலகத்துக்கு நடந்த நடையில் வாசலில் நின்ற நாய்க்கே அம்மாவைப் பழகிவிட்டது. ஒவ்வொரு முறையும் ஒரே பதில்தான்.

"வருவா. எப்ப எண்டு சொல்லேலாது."

இதற்கிடையில் அதிபர் ஒரு கெடு வைத்தார். தகுதியான ஒருவர் பார்த்து இன்னதுதான் பிரச்சினை என்று சொன்னால் வகுப்பில் வைத்து அதற்கேற்ற மாதிரிப் படிப்பிக்கலாம், இல்லாவிட்டால் வருகிற வருடம் விசேட கல்வி அலகில்தான் விட வேண்டிவரும் என்றார். அந்த அலகை நான் எட்டிப் பார்த்திருக்கிறேன். பல வயதுப் பிள்ளைகள் ஒன்றாக இருந்து வர்ணம் தீட்டிக்கொண்டிருந்தார்கள். ஆசிரியருக்கு இடமாற்றம் வந்து அவர் போய்விட்டார், பதிலுக்கு ஒருவரும் வரவில்லை. உடைந்த கதிரை மேசைகளை அடுக்கி வைக்கவும் அந்த அறையைத்தான் பாவித்தார்கள். அங்கே போன பிள்ளை திரும்பி வகுப்புக்கு வந்ததாக நான் கேள்விப்படவில்லை.

ஒரு வருடத்துக்கு மேல் காத்திருந்த பிறகு தகவல் வந்தது. அடுத்த சனிக்கிழமை கொழும்பிலிருந்து ஒருவர் வருகிறார், பாடசாலையில் வைத்துப் பிள்ளைகளைப் பார்ப்பார். அம்மா இந்தச் செய்தியை வீட்டுக்குள்ளேயே வைத்துக்கொண்டார். உளம், மனம் என்று வாயைத் திறந்தால் தெரு உடனே விசர், பைத்தியம் என்று முடிவு கட்டிவிடும், பிறகு அந்தப் பெயர் தம்பியோடு மட்டும் நிற்காது, நாளைக்கு எனக்கு மாப்பிள்ளை பார்க்கிற வரைக்கும் வரும் என்று அம்மாவுக்குப் பயம். அதனால் எனக்கும், பக்கத்தில் குடியிருந்த மாமாவுக்கும் அம்மா சொன்னது, கண் பார்க்கிற மிஸ் ஒருவர் வருகிறார் என்று மட்டும்தான். உளவியலாளர் என்ற சொல்லை அந்த வீட்டில் அம்மாவும் அப்பாவும் தவிர ஒருவரும் கேட்டதே இல்லை.

மாமாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அம்மாவின் தம்பி, ஓட்டோ ஓட்டுகிறவர், நல்ல பகிடிக்காரர். யுத்த காலத்தில் ஒரு இராணுவச் சுற்றிவளைப்பில் அவரைப் பிடித்துக்கொண்டுபோய் நீண்ட நாள் வைத்திருந்துவிட்டு விட்டார்கள். அதற்குப் பிறகு சட்டையைக் காற்சட்டைக்குள் விட்ட யாரைக் கண்டாலும் அவருக்குச் சந்தேகம். தண்ணீர் மீற்றர் பார்க்க வந்தவரிடமே அடையாள அட்டை கேட்டவர். யுத்தம் முடிந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. ஆனால் வீட்டில் எத்தனை பேர், யார் வந்து போகிறார்கள் என்று கேட்டுக்கொண்டு ஆட்கள் வருவது முற்றாக நின்றிருக்கவில்லை. அதனால் மாமாவையும் பிழை சொல்ல முடியாது. அந்தக் கல்வி அலுவலகத்தைச் சொல்லலாம். அடுத்த சனிக்கிழமை என்று சொல்லிவிட்டு, ஒரு வார்த்தை அறிவிக்காமல் வர இருந்தவரை இந்தச் சனிக்கிழமையே அனுப்பிவிட்டார்கள். எத்தனை தரம் நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிற இடம் இதுதான்.

அன்று காலை அப்பா வேலைக்குப் போயிருந்தார். அடுத்த வாரம் தம்பி போட்டுக்கொண்டு போகப் புதுச் சட்டை வாங்க அம்மா கடைத்தெருவுக்குப் போயிருந்தார். எங்களுக்குக் காவல் மாமா. வாசலில் ஒரு வான் வந்து நின்றது. சேலை கட்டிய ஒரு பெண் கையில் கோப்போடு இறங்கி, தம்பியின் முழுப்பெயரைச் சொல்லி, இதுதான் வீடா என்று கேட்டார். மாமா வாசல் படலையைத் திறக்கவில்லை.

"நீங்கள் ஆர்?"

"நான் உளவியலாளர். கொழும்பில இருந்து வாறன். பிள்ளையைப் பற்றிக் கொஞ்சம் விசாரிக்க வேணும்."

உளவு, கொழும்பு, விசாரணை. மாமாவுக்கு வேறென்ன வேண்டும்? என்னைப் பார்த்துக் கண்ணைக் காட்டினார். நான் தம்பியைப் பின்பக்கம் இழுத்துக்கொண்டுபோய்த் தண்ணீர்த் தாங்கிக்குப் பின்னால் குந்த வைத்துவிட்டு ஓடி வந்தேன். வந்தபோது மாமா அந்தப் பெண்ணை உள்ளே இருத்தி, மரியாதையாகத் தேத்தண்ணீர் வேண்டுமா என்று கேட்டுக்கொண்டிருந்தார். கெட்டிக்காரத்தனமாம். விரட்டினால் சந்தேகம் கூடுமாம்.

அந்தப் பெண் கேட்ட கேள்விகளும் அப்படித்தான் அமைந்து தொலைத்தன. பிள்ளை யாரோடு கூடுதலாகப் பழகும்? இரவில் நன்றாக நித்திரை கொள்ளுமா? சத்தம் கேட்டால் பயப்படுமா? யுத்தம் நடந்தபோது நீங்கள் எங்கே இருந்தீர்கள்? வீட்டில் வேறு யாராவது இப்படி இருந்திருக்கிறார்களா? ஒவ்வொரு கேள்விக்கும் மாமாவின் முகம் இன்னும் கொஞ்சம் இறுகியது, பதில் இன்னும் கொஞ்சம் இனித்தது. பிள்ளை ஒருவரோடும் பழகுவதில்லை. நித்திரை அருமை. யுத்தம் நடந்ததே எங்களுக்குச் சரியாகத் தெரியாது.

"பிள்ளை இப்ப எங்க?"

"மட்டக்களப்புக்கு, சித்தியாக்களோட போட்டான். இனி அங்கதான் படிப்பு."

அந்தப் பெண் நிமிர்ந்து பார்த்தார். வாசிக்கக் கஷ்டப்படுவதாகப் பள்ளிக்கூடத்தில் சொன்னார்களே என்றார். மாமா சிரித்தார். எங்கள் பிள்ளையா? பேப்பர் முழுவதையும் வாசித்துவிட்டுத்தான் சாப்பிடுவான் என்றார். அந்தப் பெண்ணின் பார்வை சுவரில் ஒட்டியிருந்த கப்பல் படத்தில் போய் நின்றது. கயிறு, நங்கூரம், பீரங்கி எல்லாம் பிசகாமல் கீறிய கடற்படைக் கப்பல்.

"இது பிள்ளை கீறினதோ? வடிவா இருக்கே."

மாமா பாய்ந்துபோய் அதைச் சுவரிலிருந்து பிய்த்து மடித்துக் காற்சட்டைப் பைக்குள் வைத்தார். இது யாரோ பக்கத்து வீட்டுப் பிள்ளை கீறியது, அவர்களும் இடம் மாறிப் போய்விட்டார்கள் என்றார். அந்தப் பெண் கோப்பில் ஏதோ எழுதி மூடினார். பிறகு, பிள்ளை நன்றாக இருந்தால் சந்தோஷம் என்று சொல்லிவிட்டு எழும்பிப் போனார். வான் மறைந்ததும் மாமா எங்கள் இருவருக்கும் ஐஸ்பழம் வாங்கித் தந்தார். ஒளித்து விளையாடி வென்ற சந்தோஷம் எங்களுக்கு.

பின்னேரம் அம்மா வந்தார். மாமா கை கால் ஆட்டிக் கதையை நடித்தே காட்டினார். அம்மா பாதியில் நிறுத்தினார்.

"அந்த மனுசி தன்னை என்னெண்டு சொன்னது?"

"உளவியலாளர் எண்டுதான். இப்ப ஒளிவு மறைவில்லாமச் சொல்லிக்கொண்டே வருகினம், அக்கா."

அம்மா ஏசவில்லை. தம்பியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பாடசாலைக்கு ஓடினார். நானும் பின்னால் ஓடினேன். படலை பூட்டியிருந்தது. வந்த பிள்ளைகளைப் பார்த்தார்கள், வராத பிள்ளைகளை வீட்டுக்கே தேடிப் போனார்கள், எல்லாம் முடிந்து வான் அப்போதே கொழும்புக்குப் போய்விட்டது என்று காவலாளி சொன்னார். அம்மா பூட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். திரும்பி வந்து மாமாவுக்குக் கொடுத்த ஏச்சில் எதிர்வீட்டு அன்ரி வேலி வரைக்கும் வந்து நின்று கேட்டார். கோதாரி விழுவானே, கண் பார்க்கிற மிஸ் என்று சொன்னேனே என்றார் அம்மா. கண்ணைப் பற்றி அவ ஒரு கேள்வியும் கேட்கவில்லையே என்றார் மாமா.

திங்கட்கிழமை அலுவலகத்தில் இன்னொரு கூத்து. பிள்ளை மட்டக்களப்பில் இருப்பதால் அங்கேதான் கேட்க வேண்டுமாம். பக்கத்தில் நின்ற பிள்ளையை அம்மா தூக்கிக் காட்டியும் எடுபடவில்லை. அவன் திருகோணமலையில்தான் இருக்கிறான் என்று ஒத்துக்கொள்ள வைப்பதற்குள் அந்தத் தவணை முடிந்தது. அடுத்த வருடம் தம்பி அந்தக் கதிரை அறைக்குப் போனான்.

மறுபடியும் ஒருவர் வந்தபோது தம்பிக்கு ஆறாம் வகுப்பு வயது. இந்த முறை மாமா விடியவே ஓட்டோவைக் கழுவிக்கொண்டு வந்து நின்றார். வந்தவர் வயதான ஆண். தம்பியை நெடுநேரம் தனியாக வைத்துப் பார்த்துவிட்டு அம்மாவை அழைத்தார்.

"இவர் மொக்கு இல்லை, அம்மா. நல்ல மூளை. எழுத்து மட்டும்தான் குழம்புது. அதுக்கெண்டு ஒரு முறையிருக்கு, அப்பிடிப் படிப்பிச்சால் வாசிப்பார்."

முதலே தெரிந்திருந்தால் என்று அம்மா இழுத்தார். சின்னப் பிள்ளையில் என்றால் லேசாக இருந்திருக்கும் என்றார் அவர்.

ஓட்டோவில் திரும்பி வரும்போது அம்மா போன வருடங்களை விரல்விட்டு எண்ணிக்கொண்டு வந்தார். எனக்கோ சந்தோஷம் தாங்கவில்லை. இத்தனை வருடமாக ஊர் சொன்னதெல்லாம் பொய் என்று படித்த ஒருவரே சொல்லிவிட்டாரே. தம்பியின் தோளில் இடித்து, "கேட்டியா, நீ மொக்கு இல்லையாம்" என்றேன்.

அவன் வெளியே பார்த்துக்கொண்டே சொன்னான்.

"அவருக்கு என்னைத் தெரியாதுதானே, அக்கா."

பகிடி விடுகிறான் என்று நினைத்து நான் வாய்விட்டுச் சிரித்தேன். அம்மா என் தொடையில் நறுக்கென்று கிள்ளி, வாயை மூடு என்றார். நல்ல செய்தி கிடைத்த நாளில் எனக்கு எதற்கு ஏச்சு என்று வீடு வந்து சேரும்வரை நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன்.