ஒரு பிறை முன்னால்

தொண்டிப் பக்கம் காலிதாவைப் பற்றி விசாரித்தால் கெட்டிக்காரி என்றுதான் சொல்வார்கள். கணவன் பாக்கருக்குச் சவுதியில், தம்மாமில் வேலை. இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை லீவில் வருவான். மற்ற நாளெல்லாம் வீடு அவள் கையில்தான். மோட்டார் ரிப்பேர், பிள்ளைகள் படிப்பு, மாமியாருக்கு ஆஸ்பத்திரி, சுவரைத் தள்ளிக் கட்டப் பார்த்த பக்கத்து வீட்டுக்காரரோடு சண்டை என்று எதற்கும் அசர மாட்டாள். அப்பேர்ப்பட்டவள் பாக்கர் வந்து இறங்கியதுமே வாயைப் பூட்டிக்கொள்வாள். அந்த வெயிலில் காய்ந்துவிட்டு வருகிற மனுசன், இருக்கிற நாலு நாளும் ராசாவாக இருந்துவிட்டுப் போகட்டும் என்பது அவள் எண்ணம். மகள் எந்த வகுப்பு என்று அவன் தப்பாகச் சொன்னால்கூடத் திருத்த மாட்டாள். ஊரில் இதற்குப் பொறுமை என்று பெயர். இதைவிட ஆபத்தான சாமான் ஒரு வீட்டில் வேறு கிடையாது.

இந்தத் தடவை அலையாத்திக் காட்டுக்குப் போவோம் என்று பாக்கர்தான் ஆரம்பித்தான். கடலோர உப்புச் சேற்றில் வளர்ந்த அந்தக் காட்டுக்குள்ளே, பழைய கப்பலாளிகள் தொழுததாகச் சொல்லப்படும் கல்மேடை ஒன்று இடிந்து கிடக்கிறது. தன் முன்னோர்கள் தோணி கட்டிய துறை அது என்பது பாக்கர் வீட்டுப் பேச்சு. பிள்ளைகள் அதைப் பார்க்க வேண்டும், அங்கேயே உட்கார்ந்து நெய்ச்சோறு சாப்பிட வேண்டும் என்று அவனுக்கு ஆசை. படகுக்கு நின்ற கூட்டத்தைப் பார்த்ததும், சின்ன வயதில் தான் நடந்தே போன காடு இது என்று சொல்லி, தெற்கே ஓடை வற்றிக் கிடந்த இடத்துக்குக் கூட்டிப் போனான்.

அங்கே நின்று போனைப் பார்த்தான். "இன்னைக்குப் பிறை பதினஞ்சு. சாயந்தரம் அசர் தொழுதுட்டுக் கெளம்புனாக்கூடத் தண்ணி ஏறாது" என்றான்.

பிறை தெரிந்து எத்தனையாவது நாள் என்று எண்ணித் தண்ணீர் ஏறும் நேரம் சொல்வது அந்தக் கரையில் வழக்கம். ஒரு பிறை கூடினால் தண்ணீர் முக்கால் மணி நேரம் போலத் தள்ளி ஏறும். பாக்கர் அந்தக் கணக்கை மறக்கவில்லை; போனில் இருப்பது சவுதிப் பிறை என்பதைத்தான் மறந்துவிட்டான். அங்கே மாதம் ஒரு நாள் முன்னாலேயே பிறந்திருந்தது. ஊருக்கு அன்று பதினாலுதான். அவன் நினைத்ததற்கு முந்தியே தண்ணீர் வந்துவிடும்.

காலிதாவுக்கு அது தெரியும். காலையில்தான் நாள்காட்டியில் தாள் கிழித்துப் பிறை பதினாலு என்று பார்த்திருந்தாள். சொல்ல வாயெடுத்தவள், மகன் அசாருதீனைத் தோளில் தூக்கிக்கொண்டு பாக்கர் சிரித்த சிரிப்பைப் பார்த்து விழுங்கிக்கொண்டாள்.

ஓடையைக் கடந்து போய்க் கல்மேடையில் சோற்றைப் பரப்பினார்கள். சேற்றில் ஓடிக்கொண்டிருந்த நண்டுகள் ஒவ்வொன்றாக வளைக்குள் போய் வாயை மண்ணால் அடைத்துக்கொண்டன. இவர்கள் நடந்து வந்த கால்தடங்களில் தண்ணீர் ஊறி நின்றது. கிளம்புவோமா என்று ஒரே ஒரு தடவை எழுந்து நின்று கேட்டாள். இன்னும் நேரம் கிடக்கிறது என்று பாக்கர் முன்னோர் கதையைத் தொடர்ந்தான். அவள் மறுபடி உட்கார்ந்தாள். மகள் நஃபீசா தாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சத்தமே இல்லாமல் வேர்களுக்கு அடியிலிருந்து தண்ணீர் வந்தது. பாக்கர் எழுந்து போனைப் பார்த்தான், தண்ணீரைப் பார்த்தான், முகம் செத்துப்போயிற்று. ஓடைக்கு வந்தபோது எதிர்க்கரை வெகுதூரம் போயிருந்தது. வேறு வழியில்லாமல் இறங்கினார்கள். நடு ஓடையில் காலிதாவுக்கு மார்பளவு தண்ணீர். பாக்கர் ஒரு பள்ளத்தில் கால் வைத்துக் கவிழ்ந்தான்; தோளில் இருந்த பிள்ளையைக் காணோம். காலிதா மகளின் கையை விட்டுவிட்டுப் பாய்ந்தாள். கலங்கிய தண்ணீரில் துழாவியதில் சட்டைக் காலர் விரலில் சிக்கியது. இழுத்துத் தூக்கிக்கொண்டு திரும்பினால், நஃபீசா ஒரு வலைக்கம்பைக் கட்டிக்கொண்டு, தாடை வரைக்கும் தண்ணீரில் நின்றாள். அம்மா என்று ஒரு குரல்கூட அவள் கொடுத்திருக்கவில்லை.

எப்படியோ கரையேறினார்கள். சின்னவன் உப்புத் தண்ணீரைக் கக்கிவிட்டு அழுதான். பாக்கர் தலையில் கைவைத்து உட்கார்ந்து, கணக்கு எப்படித் தப்பியது, எப்படித் தப்பியது என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டிருந்தான்.

"இன்னைக்குப் பதினாலு, மச்சான்" என்றாள் காலிதா. "காலையிலயே எனக்குத் தெரியும்."

அவன் தலைநிமிர்ந்து பார்த்தான்.

பாவாடையைப் பிழிந்துகொண்டிருந்த நஃபீசா சொன்னாள்: "எனக்கும் தெரியும்மா. நேத்து மதரசாவுல ஒஸ்தாது பதிமூணுன்னு போர்டுல எழுதிப் போட்டிருந்தாரு. நீங்க பேசாம இருந்தீங்க. நானும் பேசாம இருந்துட்டேன்."

அம்மா மெச்சிக்கொள்வாள் என்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு நின்றாள். ஓடைக்குள் வராத நடுக்கம் காலிதாவுக்கு அப்போதுதான் வந்தது.