அம்புக்குறிக்கு ஒரு பொட்டு

அறுபதுகளில் கோவையில் ஒரு மில்லில் நான் ஃபிட்டர். நூலுக்குப் போடும் கஞ்சித் தொட்டிக்கு நீராவி விடும் வால்வு என் பொறுப்பு. சூடு ஏறினால் அது தானே மூடும், குறைந்தால் தானே திறக்கும்.

ஆயுத பூஜைக்கு அதைக் கழற்றித் துடைத்து, பளபளவென்று வெள்ளி பெயின்ட் அடித்து மாட்டினேன். எல்லோரும் மெச்சுவார்கள் என்று நினைப்பு. பூஜை முடிந்து நீராவியைத் திறந்ததும் வால்வு கடகடவென்று அலறியது. சூடு நிலைக்காமல் கஞ்சி கட்டி தட்டியது. நூல் வராமல் தறிகள் நின்றன. இரண்டு முறை பிரித்துப் பார்த்தேன். பாய்லர்காரரிடம் சண்டைகூடப் போட்டேன். சத்தம் அடங்கவில்லை.

அங்கே கூட்டிப் பெருக்கும் ரங்கம்மாள் வந்தார். பூஜைக்கு மெஷின்களுக்கெல்லாம் பொட்டு வைப்பவர் அவர்தான்.

“ஏனுங்ண்ணா, வருசா வருசம் இதுல இருக்கற அம்புக்குறி மேலதானுங்க பொட்டு வெப்பேன். இந்தத் தடவ அதயக் காணமுங்க.”

பெயின்ட்டைச் சுரண்டினேன். நீராவி போகவேண்டிய திசையைக் காட்டும் அம்பு, பாய்லரைப் பார்த்து நின்றது. நானேதான் திருப்பி மாட்டியிருந்தேன்! சரியாக மாட்டியதும் சத்தம் நின்றது.

மேனேஜர் ஓடிவந்து, “கண்டுபுடிச்சுட்டீங்களே!” என்று என் தோளைத் தட்டினார். ‘ஆமாங்க’ என்றால் முடிந்தது.

“தப்பா மாட்டுனது நானுங்க. கண்டுபுடிச்சது ரங்கம்மாளுங்க” என்றேன்.

எத்தனையோ மெஷின்களைச் சரிசெய்திருக்கிறேன். நெஞ்சை நிமிர்த்திச் சொல்லிக்கொள்வது இதைத்தான். அடுத்த ஆயுத பூஜைக்கு அந்த அம்புக்குறியில் மட்டும் பெயின்ட் படாமல் பார்த்துக்கொண்டேன். ரங்கம்மாள் முதல் பொட்டை அதற்குத்தான் வைத்தார்.