சொம்பில் மூடி வைத்த மழை

எங்கள் பள்ளி மொட்டைமாடியில் ஒரு மழைமானி இருப்பதே எனக்குத் தெரியாது. இதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. வானிலையியலில் எம்.எஸ்சி. படித்தவன் நான். அரியலூரில் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு இயற்பியல் நடத்துகிறேன். தலைக்கு மேலே ஒரு கருவி நாலு வருடமாக மழை அளந்துகொண்டிருந்திருக்கிறது, நான் ஒருநாளும் படியேறிப் பார்க்கவில்லை.

போன ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை தலைமையாசிரியர் கூப்பிட்டார். "சார், மழைமானி பாக்க ஆள் வந்திருக்காங்க. மாடிச் சாவிய எடுத்துக்கிட்டு கூடப் போங்க" என்றார். போனேன். மாடிப்படி அடியில், தோளில் ஒரு பையும் கையில் தண்ணீர்க் கேனுமாக நின்றுகொண்டிருந்தது என்னோடு எம்.எஸ்சி. படித்த வெற்றிச்செல்வி.

"நீதான் அந்த சயின்ஸ் வாத்தியாரா?" என்றாள்.

பார்த்துப் பத்து வருடம் ஆகியிருந்தது. என் கல்யாணப் பத்திரிகைக்கும் பதில் இல்லை, வாட்ஸப்பில் அனுப்பிய பொங்கல் வாழ்த்துகளுக்கும் பதில் இல்லை. அவளுக்கு வேலை அதிகம் என்று நானே எனக்குச் சமாதானம் சொல்லி வைத்திருந்தேன். சமாதானம் சொல்லிக்கொள்வதில் எனக்கு நல்ல பழக்கம் உண்டு.

எம்.எஸ்சி.யில் நாங்கள் ஐந்து பேர். வேறு எங்கும் இடம் கிடைக்காமல் வந்து விழுந்தவர்கள் நால்வர். தேடி வந்து சேர்ந்தவள் வெற்றி ஒருத்திதான். என்ன படிக்கிறீர்கள் என்று யாராவது கேட்டு, வானிலை என்று சொல்லிவிட்டால் அடுத்த கேள்வி தயாராக இருக்கும்: "நாளைக்கு மழை வருமா?" தெரியாது என்றால், "அப்புறம் என்னத்தத்தான் படிக்கிறீங்க?" என்பார்கள். பல்கலைக்கழக வாசலில் இருந்த டீக்கடைக்காரர், நாங்கள் மழை இல்லை என்று சொன்ன நாளில் அவருடைய மிளகாய் நனைந்துவிட்டதென்று ஒரு வாரம் எங்களோடு பேசவில்லை. எங்களை நம்பி ஒரு மனிதர் மிளகாய் காயப்போட்டார் என்பதே எங்களுக்கு அப்போது பெரிய பெருமையாக இருந்தது. அந்த நாட்களை நினைத்தால் இப்போதும் நெஞ்சு இனிக்கிறது.

வெற்றிக்கு எறையூர். அவள் அப்பாவும் அம்மாவும் கரும்பு வெட்டப் போகிறவர்கள். சொந்தமாக ஒரு குழி நிலம் கிடையாது. மழை பெய்துவிட்டால் வயலில் டிராக்டர் இறங்காது, வெட்டு நின்றுபோகும். அதனால் அந்த வீட்டில் விடிந்ததும் முதல் பேச்சு வானத்தைப் பற்றித்தான். "இன்னிக்கி வெட்டு உண்டான்னு எங்கம்மா என்னையத்தான் கேக்கும். ஆறாவது படிக்கறப்பவே நான் ஆபீசர்" என்று சொல்லிச் சிரிப்பாள்.

அவள் நோட்டின் கடைசிப் பக்கத்தில், தான் பார்க்கப்போகும் வேலைகளை வரிசையாக எழுதி வைத்திருந்தாள். முதலில் சென்னையில் ரேடார். அடுத்தது திருச்சி விமான நிலையத்தில் வானிலை ஆபீஸ். மூன்றாவது அண்டார்டிகா. அதற்காகப் பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டு ஓரத்தில் விற்ற ஒரு சிவப்பு ஸ்வெட்டரை வாங்கியும் விட்டாள். பெரம்பலூர் வெயிலில் ஸ்வெட்டர் வாங்கியவள் அவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள். "பனிக்கரடிக்குச் சிவப்பு பிடிக்குமா?" என்று கேட்பேன். "அண்டார்டிகாவுல கரடி கிடையாது. நீயெல்லாம் எப்படி பாஸ் பண்றே?" என்பாள். சனிக்கிழமைகளில் ஊர் திரும்பும் பஸ்சில் பெரம்பலூர் வரை இந்தப் பேச்சுதான். அங்கிருந்து அவள் எறையூருக்குப் போவாள், நான் அரியலூர் வழியாக வரதராஜன்பேட்டைக்குப் போவேன்.

இரண்டாம் வருடம் ஆய்வேட்டுக்காக ஆளுக்கொரு மழைமானியைக் கொடுத்து அவரவர் ஊருக்கு அனுப்பினார்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை தொண்ணூற்றிரண்டு நாள். காலை எட்டரைக்கு உள்ளே இருக்கும் பாட்டில் தண்ணீரைக் கண்ணாடிக் குவளையில் ஊற்றி அளந்து எழுத வேண்டும். தேதி, அளவு, நேரம், அளந்தவர் என்று நான்கு கட்டம். அளந்தவர் கட்டத்தில் நான் முதல் நாள் என் பெயரை எழுதினேன். மறுநாளிலிருந்து அதன் கீழே மேற்படிக் குறி போட்டுக்கொண்டே போனேன். முதலாவதாக வரும் ஆய்வேட்டைச் செய்தவரை, சென்னையில் ஓர் ஆராய்ச்சித் திட்ட வேலைக்குத் துறை பரிந்துரை செய்யும். ரேடார் இருக்கும் கட்டடத்திலேயே வேலை. அது வெற்றிக்கு இல்லாவிட்டால் எனக்கு என்பது ஐந்து பேருக்கும் தெரியும்.

நவம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை திருச்சியில் ஒரு மத்திய அரசுத் தேர்வு. நானும் வெற்றியும் எழுதப் போனோம். காலை எட்டரைக்குத் திருச்சி பஸ் ஸ்டாண்டில், கொட்டுகிற மழையில், ஒரே குடையின் கீழ் நின்று டீ குடித்தோம். அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது, வீட்டில் யாரிடமும் சொல்லிவிட்டு வரவில்லை. அம்மா சர்ச்சில் ஞாயிறு பூசைக்குப் போயிருப்பார். வெற்றி கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "எங்கம்மா எடுத்திருக்கும்" என்றாள்.

அவள் அம்மா பொன்னாயிக்கு எண் படிக்கத் தெரியாது. வீட்டில் கடிகாரமும் ஓடவில்லை. அதனால் வெற்றி முந்தைய நாள் சொல்லி வைத்திருக்கிறாள்: சர்க்கரை ஆலையில் எட்டு மணிச் சங்கு ஊதியதும் பாட்டில் தண்ணீரைச் சொம்பில் ஊற்று, பாட்டிலைத் திரும்ப உள்ளே வை. பொன்னாயி அப்படியே செய்தார். அதற்கு மேலும் செய்தார். சொம்பைத் தட்டால் மூடி, தட்டின்மேல் அம்மிக் குழவியைத் தூக்கி வைத்து, மகள் வரும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். சாயங்காலம் வெற்றி வந்து அளந்தாள். நாற்பத்து மூன்று புள்ளி இரண்டு மில்லிமீட்டர். நேரம் கட்டத்தில் எட்டு மணி என்று எழுதினாள். அளந்தவர் கட்டத்தில், "எடுத்தது அம்மா, அளந்தது நான்" என்று எழுதினாள்.

நான் வீடு திரும்பியபோது பாட்டிலில் முந்தைய நாள் மழையும் அன்றைய மழையும் ஒன்றாகக் கிடந்தன. அளக்கவில்லை என்று எழுதியிருக்க வேண்டும். தொண்ணூற்றிரண்டு கட்டத்தில் ஒன்று மட்டும் ஓட்டைப் பல்லாகத் தெரியுமே என்று இருந்தது. கீழப்பழுவூரில் அளந்துகொண்டிருந்த கலைமணிக்குப் போன் போட்டேன். அவனுக்கு முப்பத்தேழு மில்லிமீட்டர். நான் முப்பத்தெட்டு புள்ளி ஆறு என்று எழுதி, நேரம் எட்டரை என்று போட்டு, பக்கத்தில் மேற்படிக் குறியையும் போட்டேன். அந்தப் புள்ளி ஆறு ரொம்ப இயல்பாக இருப்பதாக எனக்குத் தோன்றியது.

ஆய்வேட்டின் வாய்மொழித் தேர்வுக்கு வெளியிலிருந்து வந்தவர் வெற்றியின் நோட்டில் அந்தப் பக்கத்தில் நின்றுவிட்டார். "சொம்புல இருக்கிற மழையெல்லாம் டேட்டாவாம்மா?" என்று சிரித்தார். அறையில் இருந்தவர்களும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். என் நோட்டைப் புரட்டிவிட்டு, விடுபடாமல் எடுத்திருக்கிறான் என்று பாராட்டினார். முதலிடம் எனக்கு வந்தது.

அந்தத் திருச்சித் தேர்வில் இரண்டு பேருமே தேறவில்லை. சென்னைக்கு நான் போனேன். பதினோரு மாதம் ரேடார் படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். திட்டம் முடிந்தது, வேலையும் முடிந்தது. பெட்டியோடு வந்து இறங்கியபோது, "போன மச்சான் திரும்பி வந்தான் பூமணத்தோட" என்று என் அத்தை வாசலிலேயே வரவேற்றார். பி.எட். முடித்து வாத்தியார் ஆனேன்.

அன்று மாடியில் வெற்றி மழைமானியின் மூடியைக் கழற்றினாள். காக்கை கொண்டுவந்து போட்ட குச்சி, கம்பி, ஒரு பேனா மூடி எல்லாம் வந்தன. ஒரு கம்பெனியில் ஒப்பந்த வேலையாம். அரியலூர், பெரம்பலூர் இரண்டு மாவட்டத்திலும் சேர்த்து அறுபத்து மூன்று தானியங்கி மழைமானிகள். ஸ்கூட்டியில் போய்ச் சுத்தம் செய்து, பேட்டரி மாற்றி, சரியாக அளக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

"ரேடார்?" என்றேன். கேட்டிருக்கக் கூடாது.

"ரேடார் பாக்குறவங்க கடைசியில என் நம்பரோடதான் ஒத்துப் பாக்கணும்" என்றாள். பையிலிருந்து கண்ணாடிக் குவளையை எடுத்தாள். உடையாமல் இருக்க அதைச் சிவப்பு ஸ்வெட்டரில் சுற்றி வைத்திருந்தாள். ஸ்வெட்டரில் நூல் பிரிந்திருந்தது.

"அம்மா நல்லா இருக்காங்களா?" என்றேன்.

"தவறிப்போயி ரெண்டு வருசம் ஆச்சு."

அதற்கு மேல் என்னால் மறைக்க முடியவில்லை. "வெற்றி, அந்த ஞாயித்துக்கிழமை அளவு நான் எடுக்கல. சும்மா எழுதுனேன்" என்றேன்.

அவள் குச்சிகளைப் பொறுக்கிக்கொண்டே, "தெரியும்" என்றாள். "எட்டரைக்கு நீ எங்கூட டீ குடிச்சுக்கிட்டு இருந்த. உங்க ஊர்ல மேற்படின்னு இன்னொருத்தன் இருந்தானா?"

"அப்பவே தெரியுமா?"

"அஞ்சு நோட்டையும் வச்சு மழை மேப்பு நான்தானே வரைஞ்சேன். அந்த நாள் மேப்புல, உங்க ஊர்கிட்ட மட்டும் கோடு புள்ளிப் புள்ளியா இருக்கும். நீ பாக்கவே இல்லியா?"

பார்த்திருக்கிறேன். காகிதத்தின் ஓரம் என்பதால் அப்படி வரைந்திருக்கிறாள் என்று நினைத்தேன். அளவு நிச்சயம் இல்லாத இடத்தில் புள்ளிக்கோடு போட வேண்டும் என்பது முதல் வருடப் பாடம்.

"ஏன் சொல்லல?"

"சொன்னா உன் நோட்டு முழுசா குப்பைக்குப் போயிருக்கும். மிச்சம் தொண்ணூத்தியொரு நாளும் நீ ஒழுங்கா அளந்தது எனக்குத் தெரியும். அதைக் கெடுக்க மனசு வரல." நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். "ஆனா கோவம் இல்லாம இல்ல. பத்து வருசமா உனக்குப் பதில் போடாம இருந்தேனே, எங்கிட்ட போன் இல்லைன்னா நெனச்ச?"

நான் கீழே கிடந்த பேனா மூடியைப் பொறுக்கினேன்.

"எனக்கு வேலை போனது கூடப் பரவால்ல, சகாயம். எங்கம்மா சாகுற வரைக்கும், 'சங்கு ஊதுறதுக்கு முன்னாடியே எடுத்துட்டனோ, கீழ சிந்திட்டனோ, என்னாலதான் உனக்கு வேலை போயிருச்சு'ன்னு சொல்லிக்கிட்டே இருந்துச்சு. நீ சரியாத்தாம்மா எடுத்தேன்னு எத்தனையோ தடவை சொன்னேன். மகளாச்சே, மனசைத் தேத்தச் சொல்றான்னு நெனச்சுக்கும். நீ ஒரு தடவை எறையூருக்கு வந்து சொல்லியிருந்தா நம்பியிருக்கும்."

எறையூர் என்ன, வெளிநாடா? அரியலூரிலிருந்து பஸ் ஏறினால் ஒரு காலைப் பொழுதில் போய்விட்டு வந்திருக்கலாம். பத்து வருடத்தில் எத்தனை காலை.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு வேலையைப் பார்த்தாள். மழைமானிக்குள் சின்னத் தராசு போல ஒரு வாளி உண்டு. நிறைந்ததும் கவிழ்ந்து 'டக்' என்று தட்டும். ஒரு லிட்டர் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட்டால் ஐம்பது தட்டல் வர வேண்டும். கருவி தானாக எண்ணும். ஆளும் காதால் எண்ணி ஒப்பிட வேண்டும்.

"நான் தண்ணி விடறேன், நீ எண்ணு" என்றாள்.

எண்ணினேன். இருபது வரை சரியாக வந்தது. அப்புறம், தட்டை வைத்து மூடிய சொம்பும், பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த அந்த அம்மாளும் கண் முன்னால் வந்துவிட்டார்கள். தண்ணீர் தீர்ந்தது.

"எத்தனை?"

ஐம்பதாகத்தான் இருக்கும். கருவி கெட்டுப்போகவில்லை, ஐம்பதுக்கு ஒன்று கூடவோ குறையவோ போகாது. வாய் வரை வந்தது அந்த எண்.

"விட்டுட்டேன், வெற்றி. இருபதுக்கு மேல எண்ணல."

அவள் என்னைப் பார்த்தாள். தாளை எடுத்து, முதல் சோதனை என்ற இடத்தில் 'எண்ணப்படவில்லை' என்று எழுதினாள். கேனைச் சாய்த்து மறுபடியும் ஒரு லிட்டர் அளந்து ஊற்றினாள். இந்த முறை ஒவ்வொரு தட்டலுக்கும் விரல் மடக்கினேன். நாற்பத்தொன்பது வந்தது. கருவியும் நாற்பத்தொன்பது என்றே காட்டியது.

தாளின் கடைசியில் அளந்தவர் என்று ஒரு கட்டம் இருந்தது. "தண்ணீர் விட்டது நான், எண்ணியது சகாய ஆனந்த்" என்று எழுதி, கையெழுத்துப் போட என்னிடம் நீட்டினாள்.