பந்தல் இல்லாத முந்திரிகை

இதை எழுதாமலே விட்டிருப்பேன். எழுத உட்கார்ந்தாலே எரிச்சல் வருகிறது, எரிச்சல் வந்தால் என் எழுத்துப்பிழைகள் இன்னும் கூடும். ஆனால் மெல்பேர்னின் ரோவில் பகுதியில், எங்கள் வீட்டுக் கராஜில் நடந்ததை அப்பா தன் பாட்டுக்கு வேறு மாதிரிச் சொல்லித் திரிகிறார். என் பக்கமும் எங்காவது கிடக்கட்டும்.

எலக்ட்ரீசியன் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு வீட்டில் சும்மா கிடந்தேன். சென்னையிலிருந்து படிக்க வந்து, மெல்பேர்னில் ஒரு வைன் பாரில் கிளாஸ் கழுவிக்கொண்டிருந்த என் நண்பன்தான், அடிலெய்டுக்குத் தெற்கே ஒரு தோட்டத்தில் பழம் வெட்ட என்னை இழுத்துக்கொண்டு போனான். திராட்சையை எங்கள் வீட்டில் முந்திரிகை என்போம். நான் அறிந்த முந்திரிகை பந்தலிலோ கம்பியிலோ படரும். அங்கே கம்பியும் இல்லை, கட்டையும் இல்லை. ஒவ்வொரு கொடியும் தடித்து முறுகி, என் இடுப்புக்கும் எட்டாத குட்டை மரமாக மணலில் தனியே நின்றது. எல்லாம் நூறு வயதுக் கொடிகளாம். மெஷின் உள்ளே போக முடியாது. அந்தக் கிழங்களுக்கு முன்னால் நாள் முழுக்கக் குனிந்து நின்றதில் என் முதுகுக்கும் நூறு வயதாகிவிட்டது.

வைன் செய்கிற வெள்ளைக்காரப் பெண் அதன்பிறகு பெரிதாக எதுவும் செய்யவில்லை. குலையோடு தொட்டியில் கொட்டி, எங்களைக் காலால் மிதிக்கவிட்டாள். பழத்தோலில் இருந்த ஈஸ்டே அதைப் புளிக்கவைத்தது. நிறம் கடுமையாக ஏறமுன் தோலை எடுத்துவிட்டாள். அரித்து வடிக்கவும் இல்லை, தெளியவைக்கவும் இல்லை. கிளாஸில் ஊற்றினால் பின்னால் இருக்கிற விரல் தெரியும், அவ்வளவு மெல்லிய சிவப்பு. கொஞ்சம் குளிரவைத்துக் குடிக்க வேண்டும். முதலில் புளிப்பு, பிறகு மாதுளை, கடைசியில் மழை விட்ட றோட்டு மணம். நான் உருப்படியாகச் செய்த ஒரே வேலை அந்தப் போத்தலுக்குள் இருந்தது.

தை மாதத்திலிருந்து முழுநேர வேலைக்கு வருகிறாயா, திங்கட்கிழமைக்குள் சொல் என்றாள். எனக்கு அங்கேயே இருந்துவிட ஆசை. அப்பாவைக் கேட்காமலும் போகலாம். ஆனால் எங்கள் வீட்டில் கேட்காமல் போனவன் திரும்பி வந்தால் சோறு கிடைக்கும், கதைபேச்சு கிடைக்காது.

கேட்டேன்.

"சனத்துக்கு என்னெண்டு சொல்லுறது? பெடியன் சாராயம் காய்ச்சப் போயிட்டான் எண்டோ?" என்றார் அப்பா, விஸ்கிக்கு ஐஸ் போட்டுக்கொண்டு.

கொடியின் படத்தைப் போனில் காட்டினேன். பெரிதாக்கிப் பார்த்தார்.

"பந்தல் எங்க?"

"பந்தல் இல்லையப்பா. அப்பிடியேதான் நிக்கும்."

"பந்தல் போடக்கூடப் பஞ்சிப்படுற சோம்பேறியளிட்ட என்ன வேலை பழகப்போறாய்? உனக்கு இருக்கிற பஞ்சி காணாதே?"

ஒரு வாய் குடித்தால் மனம் மாறுவார் என்று நினைத்தேன். அவள் தந்துவிட்ட ஒரே போத்தலை, ஞாயிறு மத்தியானம் தங்கச்சியின் பிறந்தநாளுக்கு எடுப்போம் என்று குசினிப் பிரிட்ஜுக்குள் வைத்துவிட்டு ஐஸ் வாங்கப் போனேன். திரும்பி வந்தபோது போத்தல் சிங்குக்குப் பக்கத்தில் நின்றது. உள்ளே இரண்டு விரல் அளவுதான் மிச்சம்.

"அம்மா, இதுக்குள்ள இருந்தது எங்க?"

"ஆட்டிறைச்சிக்கு விட்டனான்."

"அது வைன் அம்மா."

"சோடா மூடி, அடியில மண்டி, கையால எழுதி ஒட்டின பேப்பர். ஆரோ அன்ரி செய்து தந்த, கறிக்கு விடுற வினாகிரி எண்டெல்லோ நினைச்சன்."

"மணந்து பாத்தனீங்களோ?"

"நக்கியும் பாத்தனான். புளிச்சது. வேற என்ன வேணும்?"

மிச்சத்தைக் கிளாஸில் ஊற்றி, ஒரு கோயில் தீர்த்தம் போலப் பிடித்துக்கொண்டு கராஜுக்குப் போனேன். அங்கே அப்பாவும், எங்கள் வீட்டு விசேஷம் ஒன்றையும் தவறவிடாத அவருடைய சிநேகிதர் அங்கிளும் பிளாஸ்டிக் கதிரைகளில் இருந்தார்கள். அங்கிள் கிளாஸை வாங்கி லைற்றுக்கு நேரே பிடித்தார்.

"மச்சான், உள்ள என்னவோ மிதக்குது. உன்ர மோன் உன்னை முடிக்கப் பாக்கிறான்."

"அங்கிள், உங்களுக்குக் கிளாஸைத் திருப்பித் தாற பழக்கம் இருக்கோ?"

அப்பா எழுந்து போய்த் தேத்தண்ணி அரிதட்டோடு வந்தார். நான் "அப்பா, அரிக்கக் கூடாது" என்று முடிப்பதற்குள் அரித்துவிட்டார். பிறகு ஐஸ் போட்டார். பிறகு, விஸ்கிக்கு ஊற்றும் பழக்கத்தில், கோக்கை நிரம்ப ஊற்றினார். ஒரு மிடறு குடித்து யோசித்தார்.

"கோக் பரவாயில்லை," என்றார்.

நான் வெளியே போய்க் குப்பைவாளிக்குப் பக்கத்தில் நின்றேன். நூறு வருஷம் நின்ற கொடி, என் முதுகு, அவளுடைய பொறுமை. எல்லாம் ஒரு அரிதட்டோடு போயிற்று.

சாப்பாட்டு நேரத்தில் அப்பா தன் கிளாஸைத் தள்ளி வைத்தார். ஆட்டிறைச்சிப் பிரட்டலை இரண்டாம் முறையும் போட்டுக்கொண்டார். எலும்பை உறிஞ்சிவிட்டு அம்மாவைப் பார்த்தார்.

"இண்டைக்கு என்ன போட்டனீர்? பஞ்சு மாதிரிக் கிடக்கு."

"தம்பி கொண்டுவந்த வினாகிரி."

"அது நான் வெட்டின முந்திரிகை," என்றேன். "அந்தத் தோட்டம்தான்."

அப்பா எழுந்து கை கழுவப் போனார். கழுவிவிட்டு வந்து என் தோளில் ஈரக்கையைத் துடைத்தார்.

"அங்க வினாகிரி செய்யிறவை எண்டு முதலே சொல்லியிருக்கலாமே. மரியாதையான வேலை. போயிட்டு வா."

"அது வினாகிரி இல்லையப்பா."

"தெரியும். ஆனால் சனத்துக்கு வினாகிரிதான்."

அங்கிளும் தலையாட்டினார். "தம்பி, வரேக்க எனக்கும் ரெண்டு போத்தல். எங்கட வீட்டில பண்டியிறைச்சி சமைக்கிறதுதான் கூட."

திங்கட்கிழமை அவளுக்குச் சம்மதம் சொன்னேன். சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். ஆனால் அதற்குள் அரைமணி தூரத்துக் கிரான்பர்ன் வரைக்கும் செய்தி போய்விட்டது. எனக்குப் பெயர் தெரியாத ஒரு அன்ரி போன் எடுத்து, அது மாங்காய் ஊறுகாய்க்கும் சரிவருமோ என்று கேட்டார். சரிவரும் என்று சொல்லிவிட்டு, போனைச் சுவரில் எறியாமல் இருக்கக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

நடந்ததெல்லாவற்றையும் நண்பனுக்கு நீளமாக எழுதி அனுப்பினேன். என்னோடு முதுகு முறிய வெட்டியவன், அவனுக்காவது வயிறு எரியும் என்று பார்த்தேன்.

"டேய், அடுத்த தடவ மீன் குழம்புக்கு ஒயிட் ஒயின் எடுத்துட்டுப் போ," என்று பதில் போட்டான்.