கால் நனையாத பதினொரு நிமிடங்கள்

2025 மே 19, திங்கட்கிழமை, காலை 5.40. இடம்: எம்.ரெட்டியபட்டிக்குத் தெற்கே, கண்மாயின் நடுமடை. தண்ணீர்: மடைக்கு முன்னுள்ள பள்ளத்தில் மட்டும், நீளம் இருநூறு அடி, அகலம் நூறு அடி, ஆழம் இடுப்பளவு. தூண்டில் போட்டவர்: ஜெ. கனகலட்சுமி, வயது நாற்பத்து நான்கு, பேருந்து நிறுத்தத்தில் கோழிக்கறிக் கடை நடத்துபவர். கிடைத்தது: விரால் ஒன்று, முக்கால் கிலோவுக்குச் சற்று மேல், உயிருடன்.

மீனின் வாயிலிருந்து கொக்கியைக் கழற்றிய கையோடு அவர் அதில் கட்டியிருந்த சேவல் இறகை வாயில் வைத்து ஈரத்தை உறிஞ்சித் துப்பினார். ஒவ்வொரு மீனுக்குப் பின்னும், மீன் படாத பத்து வீச்சுக்கு ஒருமுறையும் இது நடக்கும். ஈரம் போனால்தான் இறகு மறுபடி விறைத்து நிற்கும். சேறு கலந்த தண்ணீராயிற்றே என்று முகம் சுளித்தவர்களுக்கு அவரிடம் ஒரு பதில் உண்டு: “கோழிக்கடக்காரி வாயில கோழி றெக்க இல்லாம மல்லியப்பூவா இருக்கும்?”

பண்ணைக் கோழியின் வெள்ளை இறகை அவர் தொடுவதில்லை. “அது தண்ணியில விழுந்தா ஊறப்போட்ட கந்தத்துணி. அந்தக் கோழி மாதிரியேதான் அதுக்கும் சொரணை கெடையாது.” நாட்டுச் சேவலின் கழுத்து இறகு மட்டுமே வேண்டும், அதிலும் செவலை. கடைக்கு வரும் சேவலை முதலில் கழுத்தைப் புரட்டிப் பார்த்த பிறகே எடை போடுவார். தேறிய இறகுகள் பழைய மாத்திரை டப்பாவில், நீளவாரியாகப் பிரிக்கப்பட்டு, கல்லாவுக்கு அடியில் இருக்கும்.

இந்தப் பழக்கத்துக்கு வயது நான்கு. 2021 ஊரடங்கில் கடை அடைத்துக் கிடந்தபோது, கைபேசியில் ஒரு வெள்ளைக்காரர் எங்கோ ஒரு மலையாற்றில் இடுப்பளவு தண்ணீரில் நின்று, நீண்ட கயிற்றைத் தலைக்கு மேல் முன்னும் பின்னும் வீசுவதைக் கண்டார். கயிற்று நுனியில் புழு இல்லை, இறகுதான் இருந்தது. மொழி புரியாததால் சத்தத்தை அணைத்துவிட்டுக் கையை மட்டும் பார்த்தார். “புடிச்ச மீனுக்கு முத்தங் குடுத்துத் திரும்ப விடுறாரு. கிறுக்கு மனுசன்னு நெனச்சேன். மறுநாளும் அதையே பாத்தேன். அதுக்கு மறுநாளும் பாத்தேன். றெக்கதான, நம்மகிட்ட மூட மூடயாக் கெடக்குன்னு தோணிப் போச்சு.” மலையாற்றை அவர் இன்றுவரை நேரில் கண்டதில்லை.

அந்தக் கயிறு இங்கே கிடைக்காது. அருப்புக்கோட்டைத் தறிக்காரர் ஒருவரிடம் பருத்தி நூல் வாங்கி, எட்டு இழையாக முறுக்கி, மெழுகுவத்தியைத் தேய்த்துத் தேய்த்து அவரே ஒன்று செய்துகொண்டார். அது கனமாகப் பறக்கும், லேசாக மிதக்கும். கடைசி நான்கு அடி மட்டும் மீன் கண்ணுக்குத் தெரியாத நைலான் நரம்பு. கயிறு சுற்றும் சக்கரம் கிடையாது. இடது கையில் வளையமாக வாங்கிக்கொள்வார். தூண்டில் கோல், வாசலில் துணி உலர்த்திய மூங்கில். முதல் ஆறு மாதம் அவருடைய சேலைத் தலைப்பைத் தவிர வேறு எதுவும் மாட்டவில்லை.

கொக்கி பற்றி ஊரில் ஒரு கேலி உண்டு. கடைக் கொக்கியின் நுனியை ஒட்டி, மாட்டிய மீன் நழுவாதபடி பின்னோக்கி ஒரு சிறு கூர் நிற்கும். கனகலட்சுமி அதை அரத்தால் ராவி எடுத்துவிடுவார். மீனின் வாய் கிழியாது. ஆனால் கயிறு ஒரு கணம் தொய்ந்தாலும் மீன் கழன்றுவிடும். “பல்லப் புடுங்கிட்டுக் கறி திங்கப் போறா” என்பார் ஷேர் ஆட்டோ ஓட்டும் அவருடைய கணவர் ஜெயபாண்டி. ஆனாலும் தண்ணீர்க் கேனைத் தூக்கிக்கொண்டு பின்னால் வருவதும் அவர்தான்.

கண்மாயைக் குத்தகைக்கு எடுத்தவர் வளர்க்க விடுவது கட்லா, ரோகு மீன்களை. மழைக்குப் பின் கரையோரம் செக்கச்செவேலென்று திரியும் விரால் குஞ்சுக் கூட்டத்தை மூன்று ஆண்டுகளாக ஒருவரும் காணவில்லை. இந்தக் கோடையில் மடைப் பள்ளத்தில் எஞ்சிய விரால் இரண்டே இரண்டு என்பது கனகலட்சுமியின் கணக்கு. மூச்சு வாங்க அவை மேலே வரும் இடங்களை ஏப்ரல் முழுக்கப் பார்த்து வைத்திருந்தார். ஜோடி என்றும் சொன்னார்.

“ஆம்பளையா பொம்பளையான்னு ஆதார் கார்டு வாங்கிப் பாத்தியாக்கும்?” என்றார் ஜெயபாண்டி.

“ரெண்டும் போயிருச்சுன்னா அப்புறம் நான் தூண்டியத் தூக்கிட்டு வந்து இங்க கருவாடா புடிக்க? கெணத்துல போட்டு வச்சு, மழ பேஞ்சதும் கொண்டாந்து விடணும். அம்புட்டுத்தான்.”

கிணறு ஜெயபாண்டியின் பங்காளிகளுக்குப் பொதுவானது. கோடையிலும் ஒன்பது அடித் தண்ணீர் நிற்கும். சென்ற ஆண்டும் இதே முயற்சி நடந்து, ஒரு பிழையில் முடிந்தது. பிடித்த விராலைக் கனகலட்சுமி கேனில் இட்டு, வெயில் படக்கூடாது என்ற அக்கறையில் விளிம்புவரை தண்ணீர் ஊற்றி, மூடியை இறுகத் திருகி ஆட்டோவில் ஏற்றினார். விரால் மேலே வந்து காற்றுக் குடிக்கும் மீன். கிணற்றடியில் திறந்தபோது அது மல்லாந்து கிடந்தது. “தண்ணிக்குள்ள மீனு மூச்சு முட்டிச் செத்துச்சுன்னு சொன்னா எவளும் நம்ப மாட்டேங்கிறா. கொன்னவ நானே சொல்றேன்.” அன்று வீட்டில் அதைக் குழம்பு வைக்கவும் அவர் விடவில்லை. இந்த ஆண்டு கேனில் பாதித் தண்ணீர். மூடி கிடையாது, நனைந்த சாக்கு.

திங்கட்கிழமை பிடித்தது கிணற்றுக்குப் போய்விட்டது. மற்றொன்றுக்குக் கெடு ஞாயிறு, மே 25. அன்று அழிகண்மாய்: குத்தகைதாரர் வலையை எடுத்துக்கொண்ட பின், எஞ்சிய மீனை ஊர் முழுவதும் ஒரே காலையில் இறங்கிப் பிடித்துக்கொள்ளும் நாள். ஊர்ப் பெரியவர் மொக்கையன், கரையிலுள்ள கருப்பசாமிக்குச் சூடம் காட்டி வெள்ளைத் துண்டை வீசும்வரை ஒரு கால்கூடத் தண்ணீரில் படக்கூடாது. கனகலட்சுமி அவரிடம் முன்கூட்டியே கேட்டிருந்தார். “கரையில நின்னு என்னத்தையும் போட்டுக்க தாயி. காலு மட்டும் நனையப்படாது. ஒன் காலு நனஞ்சா ஊரே எறங்கிரும். அப்புறம் என்னால அமத்த ஏலாது.”

செவ்வாய்: மீன் மேலே வந்தது இருமுறை, இறகைத் தீண்டவில்லை. புதன்: காற்று எதிர், கயிறு கருவேல மரத்தில் சிக்கியது நான்கு முறை. வியாழன்: இறகுக்குப் பின்னால் ஒரு முழம் வந்து திரும்பியது. வெள்ளி: கவ்வியது, கயிறு தொய்ந்தது, கழன்றது. சனி: கடைக்கு இருபது நிமிடம் தாமதம், மீன் இல்லை. அன்று ஜெயபாண்டி, “விடு கனகு, கடவுள் விட்ட வழி” என்றார். “கடவுளு வழி விடட்டும். நான் நாளைக்கும் வாரேன்.”

ஞாயிறு ஐந்து மணிக்கே கரை நிறைந்துவிட்டது. நரிக்குடிப் பக்கமிருந்து லோடு ஆட்டோவில் வந்து இறங்கியவர்களும் உண்டு. முந்நூறு பேருக்குக் குறையாது. கையில் கொசுவலை, பழஞ்சேலை, அடியில்லாத மூங்கில் கூடையான ஊத்தா. இத்தனை பேருக்கும் நடுவில் கயிற்றை வீச இடமில்லை. மடைக்கல்லின் மேல் ஏறி நின்று வீசினார். 6.19-க்கு இறகு விழுந்த இடம் வெடித்தது.

விரால் ஓடிய ஓட்டத்தில், பள்ளத்தில் விழுந்து கிடந்த கருவேல முள்கிளைக்கு அடியில் புகுந்துகொண்டது. இழுத்தால் நரம்பு முள்ளில் அறுந்துவிடும். தளர்த்தினால் கொக்கி கழன்றுவிடும். இறங்கி எட்டு அடி எடுத்து வைத்தால் கிளையைத் தூக்கிவிடலாம்.

ஜெயபாண்டி வேட்டியை மடித்தார். “நான் எறங்கி எடுத்துட்டு வாரேன்.”

“நிக்கிற எடத்துல நில்லுங்க. காலு நனஞ்சா ஊரே எறங்கி மீன மிதிச்சே கொன்னுரும்.”

மூங்கிலைக் கல்லில் போட்டுவிட்டு, கயிற்றை வலது உள்ளங்கையில் மூன்று சுற்றுச் சுற்றிக்கொண்டார். மீன் இழுத்தால் நான்கு விரல் கொடுத்தார். நின்றால் நான்கு விரல் வாங்கினார். கண் கயிற்றை விட்டு நகரவில்லை.

“மாமா, துண்ட வீசுங்க!”

சாமி பக்கமிருந்து திரும்பாமலே மொக்கையன் சொன்னார்: “பூசாரி தேங்கா ஒடைக்கணும் தாயி. மீனுக்காகச் சாமிய வெரட்ட முடியுமா?”

கரை இரண்டாகப் பிரிந்தது. “இழுத்துரு யக்கா!” என்றது ஒரு பக்கம். “விட்டுப் புடி யக்கா!” என்றது மறுபக்கம். அடுத்த வீட்டு மூக்கம்மாள் ஊத்தாவைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு அருகில் வந்து நின்றார். “மைனி, மீன நீ புடிச்சிருக்கியா, மீனு ஒன்னயப் புடிச்சிருக்கா?”

“ரெண்டு பேருமே விடல மைனி.”

“கையில ரத்தம் வருது பாரு.”

“பாக்குறதுக்கு இப்ப நேரமில்ல.”

தேங்காய் உடைந்தது. சூடம் ஏற்றினார்கள், காற்றில் அணைந்தது, மறுபடி ஏற்றினார்கள். 6.30-க்குத் துண்டு பறந்தது.

முந்நூறு பேரும் ஒரே கூச்சலாக இறங்க, தண்ணீர் நொடியில் குழம்புச் சேறானது. கனகலட்சுமியும் குதித்தார். கயிற்றின் இறுக்கம் குறையாமல் வலது கையை உயர்த்தியபடியே, இடது கையால் கயிற்றைத் தடவித் தடவிப் போனார். அவர் முள்கிளையை எட்டுமுன் மூக்கம்மாளின் ஊத்தா அதன் மேல் தொப்பென்று இறங்கியது. கனகலட்சுமி திடுக்கிட்டுப் பார்த்தார். மூக்கம்மாள் ஊத்தாவின் மேல் இரு கைகளையும் ஊன்றிக்கொண்டு, சுற்றி வந்தவர்களைப் பார்த்துக் கத்தினார்: “இந்த எடம் என் எடம். எவளாச்சும் கிட்ட வந்தீக, ஊத்தாவுக்குள்ள அமுக்கிருவேன்!” பிறகு குரலைத் தாழ்த்தி, “வெரசா எடு மைனி. நான் என் கொழம்புக்குப் புடிக்கணும்.”

ஊத்தாவின் மேல்வாய் வழியே கை போயிற்று. முள் கீறிய கை வெளியே வந்தபோது விராலின் கழுத்து பிடியில் இருந்தது. ஈர முந்தானையில் சுற்றிக்கொண்டு கரையேறினார். இறகும் நரம்பும் சேற்றோடு போயின, திரும்பிப் பார்க்கவில்லை.

7.05-க்கு மீன் கிணற்றில் விடப்பட்டது. படியில் உட்கார்ந்து, இரண்டும் ஒருசேர மேலே வந்து காற்றுக் குடிப்பதைக் கண்ட பிறகே எழுந்தார்.

“இன்னிக்குக் கட வேணாம்” என்றார் ஜெயபாண்டி. “ஊரே மீனு திங்கிது. எவன் கோழி வாங்குவான்?”

“ஞாயித்துக்கெழம சாத்துன கடைய அடுத்த ஞாயிறு எவனும் தேட மாட்டான். வண்டிய எடுங்க.”

8.15-க்குக் கடை திறந்தது. தெரு முழுவதும் மீன் குழம்பு மணத்தது. வலது உள்ளங்கையைத் துணியால் கட்டியிருந்தார், விரல்கள் மடங்கவில்லை. பதினொரு மணிக்குத் தூத்துக்குடி லாரிக்காரர் ஒருவர் வண்டியை ஓரங்கட்டி, ஒரு கோழி கேட்டார். கனகலட்சுமி கத்தியை எடுத்து, ஒருமுறை பார்த்து, இடது கைக்கு மாற்றிக்கொண்டார்.

அன்று விற்ற கோழி: ஒன்று.