பெயிண்ட் டப்பாவில் வளர்ந்த புளியாரை

பல் விளக்கும் முன்னே டெக்லன் துரை வீட்டின் பின்பக்கம் வந்துவிடுவார். குழாயடியில் ஒரு பழைய பெயிண்ட் டப்பா. அதில் சாக்கடை ஓரத்திலிருந்து அவரே பிடுங்கி வந்து நட்ட புளியாரைக் கீரை. டம்ளரில் தண்ணீர் மொண்டு, கைக்குழந்தைக்குச் சங்கில் பால் புகட்டுகிற மாதிரி சொட்டுச் சொட்டாக விடுவார். ஆறடி ஆள், அரை டிராயர், சுட்ட நண்டு மாதிரி முதுகு. அவர் குந்திக்கொண்டு இலையோடு இங்கிலீஷில் பேசுவதைப் பார்த்துச் சமையல்காரி தாயாரம்மாளுக்கு முதலில் பயம், அப்புறம் பழகிவிட்டது.

தாயாரம்மாள் எனக்கு அசல் இல்லை. என் பெரியம்மா மகன் சுப்பராயனுக்கு மூத்த மருமகள். அவள் சொன்னது பாதி, நான் பார்த்தது பாதி.

துரை ஒரகடம் பக்கம் புதிதாக வந்த கம்பெனிக்கு மிஷின் பூட்ட வந்தவர். சொந்த நாடு அயர்லாந்து. ஸ்ரீபெரும்புதூரில் வீடு. இங்கே வந்து அவர் கற்ற தமிழ் ஒரே வாக்கியம்: "நான் இங்கிலீஷ்காரன் இல்லே." பஸ் ஸ்டாண்டில், கோயில் வாசலில் செருப்புக்கு டோக்கன் கொடுப்பவனிடம், யார் கேட்டாலும் கேட்காவிட்டாலும் சொல்வார். டீக்கடை அப்பாவு, "செரி தொரை, சக்கர கம்மியா?" என்பான். இங்கிலீஷ்காரர்கள் அவர் நாட்டை எழுநூறு வருஷம் ஆண்டார்களாம்; முப்பாட்டனை நிலத்தைவிட்டு விரட்டினார்களாம். சொல்லும்போது கண் கலங்கும். கலங்கிய கண்ணோடே, வாசலில் நிற்கும் காருக்குப் போக வாட்ச்மேன் சாம்சனைக் குடை பிடிக்கச் சொல்வார்.

என் தாத்தா கலெக்டர் கேம்பில் பங்கா விசிறி இழுத்தவர். அந்த இங்கிலீஷ் கலெக்டர் துரை, பின்னால் யார் நிற்கிறார்கள் என்று திரும்பிப் பார்க்காமலே காலி கிளாஸைத் தோளுக்குப் பின்னால் நீட்டுவாராம். யார் கையாவது அங்கே தயாராக இருக்குமாம். தாயாரம்மாளிடம் இதைச் சொன்னேன்.

"நம்மாளு அப்டி இல்ல அத்த. இவருதான் இங்கிலீஷ்காரரு இல்லியே" என்றாள்.

மார்ச் பதினேழு அவர் நாட்டில் பேட்ரிக் என்ற புனிதருக்குப் பண்டிகை. ஒரே காம்பில் மூன்று இலை இருப்பதைக் காட்டித்தான் அந்தப் புனிதர் ஜனங்களுக்கு மூன்றாய் இருந்தும் ஒன்றான சாமியை விளக்கினாராம். அன்றைக்கு அந்த இலையைச் சட்டையில் குத்தாதவன் அந்த நாட்டானே இல்லையாம். கடைசி கிளாஸில் அதே இலையைப் போட்டுக் குடிக்கவும் வேண்டுமாம். அந்த இலைக்கு இங்கே ஒன்றுவிட்ட தம்பி மாதிரி இருந்தது இந்த மூவிலைப் புளியாரை. மேனேஜர் ஸௌந்தரராஜனிடம் இந்தக் கதையைச் சொன்னபோது, அவர் தம் நெற்றித் திருமண்ணின் மூன்று கோட்டைத் தொட்டுக் காட்டி, நாங்கள் தினமும் குத்திக்கொள்கிறோம் என்று பேச்சை முடித்துவிட்டாராம்.

இது தொண்ணூற்றொன்றாம் வருஷம். மிஷின் பூட்டியாகிவிட்டது, ஏப்ரலில் துரை கிளம்புகிறார். அதற்குள் ஒரு நாளாவது, மேனேஜர் முதல் ஃபிட்டர் வரை கூப்பிட்டு, ஆளுக்கொரு இலை குத்தி, தான் யார் என்பதை நிலைநாட்டிவிடவேண்டும். அதற்குத்தான் டப்பா. தவக்காலம் என்று குடியைக்கூட விட்டிருந்தார். பண்டிகை அன்றைக்கு மட்டும் விலக்கு உண்டாம்.

"தவக்காலத்துக்கு லீவு வுட்டது எந்த ஃபாதரு?" என்று சாம்சன் கேட்டான். பாட்டிலைக் கண்ணால் பார்த்த பிறகு கேட்கவில்லை.

தாயாரம்மாளுக்கும் ஒரு சந்தேகம் இருந்தது. கீரை யாருக்கு என்று, கொஞ்சம் இங்கிலீஷ் தெரிந்த சாம்சனை விட்டுக் கேட்டாள். பதினேழாம் தேதி விருந்துக்கு, வருகிற எல்லாருக்கும் என்று பதில் வந்தது. விருந்துக்கென்று ஒரு மனிதன் இப்படிக் கீரை வளர்த்தால் அவள் வேறு என்ன செய்வாள்? பண்டிகை நாளான ஞாயிற்றுக்கிழமை காலையில், துரை ஐஸ் வாங்கத் தாம்பரம் போயிருந்தபோது, அத்தனையும் கிள்ளினாள். மிளகாயும் உளுத்தம்பருப்பும் வறுத்து, இலையே புளிப்பு என்பதால் புளி வைக்காமல், அம்மியில் துவையல் அரைத்துவிட்டாள். பாத்திரம் கழுவ என்னையும் வரச் சொல்லியிருந்தாள்.

துரை வந்து டப்பாவைப் பார்த்தார். மொட்டைக் காம்புகள். தாயாரம்மாள் சிரித்த முகமாய்க் கிண்ணத்தை நீட்டினாள். அவர் கத்தியதைச் சாம்சன் மொழிபெயர்க்கவில்லை.

"இதுக்குப் போயா இந்தக் கத்து? தோ, சாக்கடையாண்ட காடா மண்டிக்கீது. பறிச்சாந்து குடுக்கட்டா?" என்றாள்.

அதைச் சாம்சன் சொன்னதும் கோபம் இன்னும் ஏறியது. புனிதரின் இலையைச் சாக்கடையிலிருந்து எடுப்பதா என்றாராம். டப்பாவில் இருந்தது எங்கே பிறந்தது என்பதை மறந்துவிட்டார்.

சாயங்காலம் எல்லோரும் வந்தார்கள். குத்த இலை இல்லை. ஸௌந்தரராஜன் சந்தன மாலை போட்டு, நம் இங்கிலீஷ் நண்பர் அழைத்தது நம் பாக்கியம் என்று பேசினார். துரை எழுந்து, "நான் இங்கிலீஷ்காரன் இல்லே" என்றார். தமிழ் பேசிவிட்டாரே என்று கை தட்டினார்கள். இன்னொரு தரம் சொன்னார். இன்னும் பலமாகத் தட்டினார்கள். துரை முகம் அழுகிற பிள்ளை முகமாகிவிட்டது.

சமையலறைக் கதவோரம் நின்ற தாயாரம்மாளுக்குப் பொறுக்கவில்லை. "அவருதான் இல்லேங்கிறாரே, அப்றம் இன்னாத்துக்கு அவர நோவடிக்கிறீங்கோ? அவரு வேற நாடு. அவங்களுக்குக் கீரைதான் சாமி."

ஸௌந்தரராஜன் மன்னிப்புக் கேட்டார். சாம்சன் துரையின் காதில் விஷயத்தைச் சொன்னதும் அவருக்கு முகம் மலர்ந்தது. ஒரு விரல் துவையலை எடுத்துக் கிளாஸில் போட்டுக் கலக்கி, தம் நாட்டுப் பெயரைச் சொல்லி, ஒரே மூச்சில் குடித்தார். மிளகாய் ஏறிக் கண்ணில் தண்ணீர் கொட்டியது. தேசபக்தி என்று எல்லோரும் எழுந்து நின்றார்கள்.

பிறகு துரை நாற்காலியில் சாய்ந்து, எழுநூறு வருஷ அடிமைத்தனத்தை ஸௌந்தரராஜனுக்கு முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தார். சொல்லிக்கொண்டே, திரும்பிப் பார்க்காமல், காலி கிளாஸைத் தோளுக்குப் பின்னால் நீட்டினார்.

பின்னால் நின்ற தாயாரம்மாள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு ஒரு கரண்டித் துவையலை எடுத்து அந்தக் கிளாஸில் போட்டாள்.